லாரிமேல் ஏறிய பங்களாக் கார்

தென்காசியில் ஒரு கல்யாண ஊர்வலம் வந்தால் பெண்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். ஆண்கள் நாதஸ்வரம் யார் என்று பார்ப்பார்கள். அய்யாத்துரை காரைப் பார்ப்பார். கார் அவருடையதாக இருந்தால் கண் குளிரப் பார்ப்பார். அடுத்தவனுடையதாக இருந்தால் டயர் தேய்ந்திருக்கிறதா, பெயின்ட் உதிர்ந்திருக்கிறதா, ஹாரன் கரகரக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பார். ஒரு குறையாவது அகப்பட்டால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

1957 வரைக்கும் அவருக்கு இந்தக் கஷ்டம் இருந்ததில்லை. ஊர்வலத்துக்கென்று ஊரில் இருந்தது ஒரே ஒரு கார், அது அவருடையது. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். குற்றாலத்தில் பங்களா வைத்திருந்த ஒரு திருவிதாங்கூர்க் குடும்பம் சீசனுக்கு வந்து போக வாங்கிய அமெரிக்க வண்டி. முன்னால் கம்பெனிப் பெயர் பொறித்திருந்த பித்தளை வில்லை எந்தக் காலத்திலோ காணாமல் போய்விட்டதால், அது என்ன கார் என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அது பங்களாக் கார். அய்யாத்துரை பதினெட்டு வயதில் அந்த வண்டியைத் துடைக்கப் போனவர். பிறகு அதை ஓட்டினார். குடும்பம் பாகம் பிரித்து, பங்களாவை விற்றுவிட்டுப் போனபோது வண்டி அவரிடமே நின்றுவிட்டது.

ஆனி, ஆடியில் சாரல் விழும்போது ரயிலடியிலிருந்து குற்றாலத்துக்கும் ஐந்தருவிக்கும் ஆள் ஏற்றுவார். மற்ற மாதங்களில் முகூர்த்த நாட்கள் சோறு போட்டன.

ஊர்வலத்தில் கார் ஓட்டுவது ஒரு தனி வித்தை. அதை ஓட்டுவது என்றுகூடச் சொல்ல முடியாது, நிறுத்தி நிறுத்தி நகர்த்துவது என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் மேளக்காரர்கள் நடக்கிறார்கள். முக்குக்கு முக்கு நின்று வாசிக்கிறார்கள். கூட்டம் சுற்றி நின்று தலையாட்டுகிறது. பின்னால் வருகிற வண்டி குலுங்காமல் நிற்க வேண்டும், மறுபடி குலுங்காமல் நகர வேண்டும். மாப்பிள்ளையின் கழுத்து மாலை ஆடினால் ஓட்டுகிறவன் தோற்றான். இந்த ஆமை வேகத்தில் காற்று படாமல் என்ஜின் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி புஸ்ஸென்று சீறும். அய்யாத்துரை காலடியில் ஒரு செம்புக்குடம் நிறையத் தண்ணீர் வைத்திருப்பார். மேளம் நிற்கிற இடமெல்லாம் அவர் வண்டி தண்ணீர் குடிக்கும். ஊர் அதை ஊர்வலத்தின் ஒரு அங்கமாகவே எடுத்துக்கொண்டது.

அப்போதுதான் தங்கசாமி வந்தான்.

இலத்தூர்க்காரன். அய்யாத்துரையைவிடப் பத்து வயது இளையவன். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், அங்கிருந்தே ஒரு திறந்த காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து தென்காசியில் நிறுத்தினான். இளநீல நிறம். பக்கவாட்டில் முகம் பார்க்கலாம். பின்பக்கம் மீன் வால் மாதிரி மேலே எழும்பி நின்றது. முதல் ஊர்வலத்திலேயே கூலக்கடை பஜார் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த முகூர்த்தத்திலிருந்து ஊர்க்காரர்கள் பங்களாக் காரைக் கேட்பதற்கு முன்னால், "தங்கசாமி வண்டி ஒழிவில்லையாம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்த ஒரு வார்த்தை அய்யாத்துரையைத் தின்றது. கூப்பிடாத கல்யாணங்களுக்கெல்லாம் போய்த் தெருமுனையில் நின்றார். அவர் மனைவி செண்பகவல்லிக்கு எல்லாம் தெரியும். தட்டை வைப்பதற்கு முன்னால் விசாரித்துக்கொள்வாள்.

"மாப்பிள்ளை எப்படி இருந்தாரு?"

"எந்த மாப்பிள்ளை?"

"அது சரி. கார் எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லுங்க."

"இடது பக்கத்து லைட்டு மங்கலா எரியுது. தொடைக்கவே மாட்டான் போல."

"அப்பம்னா இன்னைக்குச் சோறு சாப்பிடுவிய. உக்காருங்க."

பொறாமைக்குச் சாப்பாடு போட்டு எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? அடுத்த வருஷம் தை மாதம், தங்கசாமி வண்டி ஒழிவில்லாத ஒரு நாளில், அய்யாத்துரைக்கு ஒரு ஊர்வலம் கிடைத்தது. ரத வீதி திரும்பும் இடத்தில் ஒரு பள்ளம். வண்டி இறங்கி ஏறியது. படீர் என்று ஒரு சத்தம். வெடி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. வெடித்தது வெடியல்ல. முப்பது வருஷம் எல்லாப் பாரத்தையும் சுமந்த அடிச்சட்டம், மோட்டார்க்காரர்கள் சேஸிஸ் என்கிறார்களே அது, துருவேறி இளைத்து இரண்டாக முறிந்திருந்தது. வண்டி நடுவில் தொய்ந்தது. மாப்பிள்ளை தோழனின் மடியில் சரிந்தார்.

"இப்பமே சரிஞ்சிட்டாரே, நாளைக்குத் தாலி கட்டினபெறகு கேக்கவா வேணும்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். சிரிப்பு வீதி முழுக்க ஓடியது.

வேறொரு வீட்டு மாப்பிள்ளையை இறக்கிவிட்டுக் காலியாக வந்த தங்கசாமி அந்த இடத்தில் வந்து சேர்ந்தான். மாப்பிள்ளையைத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டான். அதோடு போயிருந்தால் அய்யாத்துரை ஒருவேளை மன்னித்திருப்பார். தங்கசாமி சட்டையைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு, "கவலைப்படாதிய அண்ணாச்சி, ஓரமாத் தள்ளிருவோம்" என்று பங்களாக் காரின் முதுகில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். ஊர் பார்த்தது. அந்தத் தோளை அய்யாத்துரை மறக்கவே இல்லை.

பங்களாக் கார் வீட்டை ஒட்டிய ஓலைக் கொட்டகையில் படுத்துவிட்டது.

பங்குனியில் மகள் சந்தனமாரிக்குக் கடையத்திலிருந்து வரன் வந்தது. நெல் வியாபாரக் குடும்பம். பையன் அமைதியானவன். பேசுவதற்கென்று ஒரு மாமாவைக் கூட்டி வந்திருந்தார்கள். அந்த மாமா காப்பியைக் குடித்து முடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"எங்களுக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம். மாப்பிள்ளை அழைப்பு மட்டும் பேர் சொல்லுத மாதிரி இருக்கணும். இங்கன தங்கசாமின்னு ஒருத்தர் கார் வச்சிருக்காராமே, அதுல கூட்டிட்டு வந்தாப் போதும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அய்யாத்துரையின் மகன் இசக்கிப்பாண்டி ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவன். ஆள் குள்ளம், வாய் கொஞ்சம் பெரிது. அவனே அப்பா முகத்தைத்தான் பார்த்தான்.

"எம் மகளுக்கு வார மாப்பிள்ளை என் கார்லதான் வருவாரு" என்றார் அய்யாத்துரை.

"அது ஒடைஞ்சு கெடக்குன்னு கேள்விப்பட்டோம்."

"ஆவணியிலதானே கல்யாணம்? ஆவணியில வந்து பாருங்க."

"அதுக்குள்ள ஓடலேன்னா?"

"ஓடலேன்னா நீங்க சொன்ன கார். நானே போய்க் கூப்பிடுதேன்."

அவர்கள் போன பிறகு செண்பகவல்லி வெளியே வந்தாள். "மகளக் கட்டிக் கொடுக்கியளா, காரக் கட்டிக் கொடுக்கியளா?"

அவர் கொட்டகைக்குள் போய்விட்டிருந்தார்.

முறிந்த சேஸிஸை வெல்டு வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் ஒட்டினால் மறு பக்கம் விட்டது. புளியரை வளைவில் ஒரு சின்ன லாரி கவிழ்ந்து கிடக்கிறது என்ற சேதி அப்போதுதான் வந்தது. சாலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத புது மாடல். முன்பக்கக் கூடு அப்பளமாக நொறுங்கியிருந்தது. ஆனால் சேஸிஸும் என்ஜினும் சக்கரமும் கீறல் படாமல் இருந்தன. அய்யாத்துரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு பூணூல் சரடு மாதிரி மெலிதாக இருந்த ஒரு நூலை எடுத்து, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே பிடித்துப் பார்த்தார். பங்களாக் காரின் அளவைவிட அது நாலு விரல்தான் கூட.

"உமக்குக் கிறுக்கு புடிச்சிட்டு" என்றான் பிச்சையா. வண்டிப் பட்டறை வைத்திருந்த ஆசாரி. அய்யாத்துரையோடு சின்ன வயதிலிருந்து பழக்கம். "ராஜா உடம்பத் தூக்கி மாட்டு மேல வைக்கப் போறீரா?"

"மாடுதான் பாரம் இழுக்கும். ராஜாவா இழுப்பாரு?"

விலை பேசி வாங்கிய லாரி அடிச்சட்டம் என்ஜினோடு கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. பங்களாக் காரின் மேல்கூட்டைப் பிடித்திருந்த போல்டுகள் துருவில் இறுகிப் போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். புளியமரக் கிளையில் கப்பி கட்டி, தேர்வடம் இழுப்பது போலப் பத்துப் பேர் சேர்ந்து மேல்கூட்டைத் தூக்கினார்கள். கதவும் சீட்டுமாக அது அந்தரத்தில் ஆடியபோது தெருவே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. கீழே பழைய எலும்பை உருவி எடுத்தார்கள். புது எலும்பைத் தள்ளி நிறுத்தினார்கள். கூடு பையப் பைய இறங்கியது.

உட்காரவில்லை. எல்லாம் இடித்தது. லாரி என்ஜின் உயரம், பானெட் மூடவில்லை. ஸ்டியரிங் தண்டு ஓட்டுகிறவன் நெஞ்சுக்கு நேரே வந்தது. லாரி டயர் மட்கார்டுக்குள் நுழையவில்லை. சித்திரையும் வைகாசியும் அதிலேயே போயின. மட்கார்டை வெட்டி உயர்த்தினார்கள். டிரைவர் சீட்டை ஒரு சாண் பின்னால் தள்ளினார்கள். லாரி ரேடியேட்டருக்கு முன்னால் பழைய ரேடியேட்டரின் நிக்கல் கூட்டை முகமூடி மாதிரி மாட்டினார்கள். முன்னால் நின்று பார்த்தால் பழைய பங்களாக் கார்தான். பக்கவாட்டில் பார்த்தால்தான், கட்டைக்காலில் நிற்கிற பெரிய மனிதர் மாதிரி இருந்தது.

மேல்கூட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே தேக்குக் கட்டைகள் வைக்க வேண்டியிருந்தது. பிச்சையா கட்டையைச் சீவிக் குறைக்கப் போனான்.

"குறைக்காத" என்றார் அய்யாத்துரை. "இன்னும் கூட்டு."

"எதுக்கு? இப்பமே மேல நிக்கி."

"அவன் வண்டி தரையோட தவழுது. கூட்டத்துல முன்வரிசைக்காரன்தான் மாப்பிள்ளையப் பாக்கான். என் வண்டியில உக்காந்தா கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியணும்."

"அண்ணாச்சி, இது கார். தேர் இல்ல."

"கூட்டுன்னா கூட்டு."

பிச்சையா கூட்டினான். வண்டியைச் சோதிக்கப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து சுற்றிப் பார்த்தார். கீழே குனிந்தார், மேலே நிமிர்ந்தார், இதை எந்த வகையில் எழுதுவது என்று தலையைச் சொறிந்தார். பிரேக் பிடித்தது, லைட் எரிந்தது. முத்திரை விழுந்தது.

ஆனிச் சாரலில் அய்யாத்துரை வண்டியை ஐந்தருவிக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஏற்றத்தில் ஒரு முனகல்கூட இல்லை. குளிக்க வந்தவர்கள் ஈரத்துணியோடு வண்டியைச் சூழ்ந்தார்கள். பழம் விற்கிற ஜைனப் கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, மச்சுவீடு கட்டின மாதிரி ஆயிட்டே!" அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு தின்றார்.

தங்கசாமி இதைப் பார்க்க வேண்டும் என்று வேண்டுமென்றே இலத்தூர் வழியாக ஒரு தடவை ஓட்டிப் போனார். தங்கசாமி தென்படவில்லை. நாய்தான் குரைத்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது, செண்பகவல்லி தேங்காய்களை எண்ணிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு வாசல்ல யாரு நிப்பா?"

"எதுக்கு?"

"மாப்பிள்ளைய வரவேற்கதுக்கு. பொண்ணு தகப்பனார் வாசல்ல நிக்கணுமா, இல்ல மாப்பிள்ளைக்கு டிரைவரா முன்சீட்டுல உக்காந்து வரணுமா?"

போல்டு போல்டாக யோசித்த அய்யாத்துரை, இதை ஒரு நாளும் யோசிக்கவில்லை.

ஊரிலுள்ள டாக்சிக்காரர்கள் இருவரைக் கூப்பிட்டு ஏற்றிப் பார்த்தார். லாரிக் கியர் கார்க் கியர் மாதிரி வழுக்கிக்கொண்டு விழாது. கிளச்சை ஒரு தடவை மிதித்து, விட்டு, என்ஜின் வேகத்தைச் சரியாகக் கணித்து மறுபடி மிதிக்க வேண்டும். டபுள் கிளச் என்பார்கள். டாக்சிக்காரர்கள் கையில் கியர் கர்ரக் கர்ரக் என்று பல்லைக் கடித்தது. வண்டி ஆட்டுக்கிடா மாதிரி முட்டி முட்டி நின்றது. அடுத்து மார்க்கெட் லாரி டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டார். கியர் வெண்ணெயாக விழுந்தது. ஆனால் அவருக்கு மேளத்தின் பின்னால் போய்ப் பழக்கமில்லை. நின்று நகர்கிறபோதெல்லாம் பின்சீட்டில் இருந்த இசக்கிப்பாண்டி முன்சீட்டில் வந்து இடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, நமக்கு நெல் மூட்டைதான் ஏத்தத் தெரியும்" என்று அவர் இறங்கிவிட்டார். "லாரியும் தெரியணும், ஊர்வலமும் தெரியணும்னா ஊர்ல ஒரே ஆள்தான். உமக்கே தெரியும்."

தெரியும்.

"கடையத்துக்கு ஆள் அனுப்பி, அந்தத் தங்கசாமி காரையே வச்சுக்கிடுவோம்னு சொல்லிருவமா?" என்றாள் செண்பகவல்லி. சொன்னது வேண்டுமென்றுதான்.

அன்று சாயங்காலமே அய்யாத்துரை இலத்தூருக்கு நடந்து போனார். வெற்றிலை பாக்குத் தட்டோடு. தங்கசாமி திறந்த காரின் கீழே படுத்திருந்தான். வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"மகளுக்குக் கல்யாணம்" என்றார் அய்யாத்துரை.

"தெரியும் அண்ணாச்சி. சந்தோஷம். நம்ம வண்டி வேணுமா?"

"வண்டி வேண்டாம். நீ வேணும்."

தங்கசாமிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அய்யாத்துரைக்குத் தோன்றியது. "அன்னைக்கு எனக்கு ஒரு ஊர்வலம் இருக்கு" என்றான். வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டான். "அதை வேற ஆளு பாத்துக்கிடுவான். நான் வாரேன்."

"ஏன் வாரே?" அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"கூப்பிட்டுட்டு ஏன் வாரேன்னு கேக்கியளே அண்ணாச்சி" என்றான் தங்கசாமி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை. பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளையை ஏற்றி, மூன்று தெரு சுற்றி, பெண் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். அய்யாத்துரை பட்டு வேட்டியில் பந்தலின் கீழ் நின்றார். நின்றாரே தவிர நிற்க முடியவில்லை. மேளம் எங்கே வருகிறது என்று காதால் அளந்துகொண்டிருந்தார். இதோ வாய்க்கால் பாலம். நிற்கிறது, வாசிக்கிறார்கள். என்ஜின் சத்தம் கேட்கிறதா? கேட்கவில்லை. நின்றுவிட்டதோ? இல்லை. நகர்கிறது.

தெரு திரும்பியது கூட்டம். காஸ் விளக்குகளை இன்னும் ஏற்றவில்லை, வெளிச்சம் மிச்சமிருந்தது. தலைகளுக்கு மேலே, எல்லாத் தலைகளுக்கும் மேலே, மாப்பிள்ளை மிதந்து வந்தார். அய்யாத்துரை நினைத்தபடியே. கடைசி வரிசை எம்பவில்லை. மாடியில் நின்ற பெண்களுக்கு மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம்கூடத் தெரிந்திருக்கும். மாலை ஆடவே இல்லை.

அவர் கண் மாப்பிள்ளையில் நிற்காமல் முன்சீட்டுக்குப் போனது. வெள்ளைச் சட்டையில் தங்கசாமி. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில். கூட்டம் அவனைப் பார்த்துக் கையசைத்தது. "தங்கசாமி அண்ணன் எந்த வண்டிய எடுத்தாலும் தண்ணி மாதிரி ஓடுதுல்லா!" என்று பக்கத்தில் ஒருவன் சொன்னான். அது தன் வண்டி என்று அய்யாத்துரை அவன் சட்டையைப் பிடித்துச் சொல்லியிருப்பார். பெண்ணின் தகப்பனார் வாசலில் நின்று அப்படிச் செய்யக் கூடாது.

வண்டி வாசலில் வந்து நின்றது. ஆரத்தி சுற்றினார்கள். பெண்ணின் உடன்பிறந்தவன் மாலை போட்டுக் கைபிடித்து இறக்க வேண்டும். இசக்கிப்பாண்டி ரோஜா மாலையோடு முன்னால் வந்தான். கையை உயர்த்தினான். எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினான். மாலை மாப்பிள்ளையின் முழங்கை வரை போய்த் திரும்பியது. கூட்டத்தில் ஒரு கிசுகிசுப்பு எழுந்தது.

மாப்பிள்ளை நல்ல பையன். தலையைக் குனிந்தான்.

"நிமிருலே!" என்று கத்தினார் கடையத்து மாமா. "பொண்ணு எடுக்க வந்த மாப்பிள்ளை மச்சானுக்குத் தலை குனியதா? நம்ம வழக்கத்துல உண்டா?"

மாப்பிள்ளை நிமிர்ந்துவிட்டான். யாரோ முக்காலி எடுத்து வந்தார்கள்.

"முக்காலி போட்டு மாலை சாத்த அவரு என்ன தெப்பத்து சாமியா?" என்றார் மாமா.

"அப்பம் கார்ப் படியில ஏறிக்கிடுதேன்" என்றான் இசக்கிப்பாண்டி.

"மாலை விழுமுன்ன மாப்பிள்ளை வண்டியில பொண்ணு வீட்டு ஆளு கால் படப்படாது. அது கடையத்து முறை."

"வேற என்னதான்வே செய்யச் சொல்லுதீரு?" என்று இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். அந்தப் பக்கத்திலிருந்து, "ஏன், தங்கசாமி கார் வேணும்னு அன்னைக்கே சொன்னோமே! அதுல வந்திருந்தா இந்த எளவு உண்டா?" என்று மாமா.

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அய்யாத்துரைக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். தேக்குக் கட்டையை இப்போது குறைக்க முடியாது. மகன் வளர மாட்டான். அவர் கண் பின்சக்கரத்துக்கு மேலே போனது. லாரிப் பட்டைகள், ஒரு டன் பாரம் தாங்க அடித்த வில்பட்டைகள், மாப்பிள்ளையும் தோழனும் மட்டும் உட்கார்ந்திருப்பதால் வில்லாக நிமிர்ந்து நின்றன.

"பொண்ணு வீட்டு ஆளுதானே ஏறப்படாது?" என்று மாமாவிடம் கேட்டார். "மாப்பிள்ளை வீட்டு ஆளு ஏறலாம்லா?"

"அது ஏறலாம்."

"கடையத்துக்காரங்க எல்லாரும் வாங்க! ஏறுங்க! படியில, பின்னால, மட்கார்டுல! பயப்படாதிய, கீழ இருக்கது லாரி!"

முதலில் ஒரு நெல் வியாபாரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படியில் ஏறினார். அவ்வளவுதான். கடையம் முழுக்க ஏறியது. பின்னால் தொங்கினார்கள். மட்கார்டில் உட்கார்ந்தார்கள். கதவுக்குக் கதவு நான்கு பேர். பட்டைகள் கிறீச்சிட்டன. பங்களாக் கார், பெரிய யானை முழங்கால் போடுவது போல, பையப் பைய இறங்கியது.

"இன்னும் ஆளு வேணும்!" என்றார் அய்யாத்துரை. "மாமா, நீங்க மட்டும் பாக்கி."

மாமாவின் உடம்பு சாதாரண உடம்பு அல்ல. அவர் மீசையைத் தடவிக்கொண்டு, முறைத்துக்கொண்டு, பின்படியில் காலை வைத்தார். வண்டி கடைசி இரண்டு விரலையும் விட்டுக்கொடுத்தது. இசக்கிப்பாண்டி கையை உயர்த்தினான். மாலை விழுந்தது. நாதஸ்வரக்காரர் காத்திருந்தவர் போலக் கெட்டிமேளத்தையே வாசித்துவிட்டார். நாளைக்கு வாசிக்க வேண்டியது அது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

மாப்பிள்ளை என் காரில்தான் வந்து இறங்கினார். இதை அய்யாத்துரை தனக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

எல்லோரும் உள்ளே போன பிறகு பார்த்தால் தங்கசாமி இன்னும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எறங்கு, சாப்பிட வா" என்றார் அய்யாத்துரை.

"முதல் கியர்ல விட்டா ஆளு நடக்கதவிட மெதுவாப் போகுது அண்ணாச்சி" என்றான் தங்கசாமி. "சூடே ஏறல. மூணு தெரு. என் வண்டின்னா இதுக்குள்ள ரெண்டு தடவை கொதிச்சிருக்கும். சீட்டுக்கு அடியில தண்ணி டின் ஒளிச்சு வச்சிருக்கேன், யாருக்கும் தெரியாது. உங்க மகள் கல்யாணத்துக்குன்னு நான் வரல. இதை ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும். ஆனியில நீங்க எங்க தெருவுல வந்துட்டுப் போனிய பாத்தியளா, நான் உள்ளதான் இருந்தேன். வெளிய வர மனசு வரல."

அய்யாத்துரைக்கு அந்த முகம் தெரிந்தது. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம். வயிறு குளிர்ந்தது. அன்று பந்தியில் தங்கசாமிக்கு அவரே நின்று பரிமாறினார். "இன்னொரு தடவை சொல்லு, சூடு ஏறலேன்னா சொன்னே?" என்று பாயசம் ஊற்றும்போது கேட்டார்.

ஐப்பசியில் தங்கசாமி வீடு தேடி வந்தான். தன் நீலக் காரையும் அதேபோல ஒரு லாரிச் சேஸிஸில் ஏற்றித் தர வேண்டும் என்றான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டு நிற்கிறவன் தங்கசாமி. அந்த ருசியை விட அய்யாத்துரைக்கு மனசு வரவில்லை. வேறு யாராவது செய்து பெயர் வாங்கினாலும் தாங்காது. ஒப்புக்கொண்டார்.

அவரும் பிச்சையாவும் அதே புளியமரத்தில் அதே கப்பியைக் கட்டினார்கள். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. ஒன்றே ஒன்று. தேக்குக் கட்டை வைக்கும்போது அய்யாத்துரை விரலால் அளந்தார்.

"இதுக்கு ஒரு முழுச் சாண் குறைச்சிரு."

"ஏன்?"

"அவன் வண்டியும் என் வண்டி உசரத்துல நிக்கணுமா?"

பிச்சையா சீவினான்.

அந்தத் தை மாதம் நீலக் கார் முதல் ஊர்வலம் போனது. கொதிக்கவில்லை. குலுங்கவில்லை. பெண் வீட்டு வாசலில் நின்றபோது, மச்சான்காரன் சாதாரணமாகக் கையைத் தூக்கினான். மாலை மாப்பிள்ளையின் கழுத்தில் அளவெடுத்த மாதிரி விழுந்தது. மாப்பிள்ளை குனியவில்லை, மச்சான் எம்பவில்லை, ஒரு மாமாவும் வாயைத் திறக்கவில்லை.

ஊர் ஒரே நாளில் முடிவு செய்துவிட்டது. அந்த மாசி, பங்குனி முகூர்த்தமெல்லாம் தங்கசாமிக்கு. அவனிடம் யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொன்னான்: "செஞ்சது அய்யாத்துரை அண்ணாச்சி. அந்த உசரம் இருக்கே, அது அவரு கணக்கு." கேட்டவர்கள் வந்து அய்யாத்துரையைப் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டும் ஒரு ஆணியாக இறங்கியது.

"என்ன கணக்கு அது?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"சாப்பாட்டப் போடு."

"போட்டா இறங்குமா?"

ஒரு நாள் பிச்சையா இழைப்புளியோடு கொட்டகைக்கு வந்தான். "அரை நாள் வேலை அண்ணாச்சி. உம்ம வண்டிக் கட்டையையும் ஒரு சாண் சீவிட்டா ரெண்டும் ஒண்ணாயிரும். பாதி ஊர்வலம் உமக்கு வரும்."

அய்யாத்துரை பங்களாக் காரை அண்ணாந்து பார்த்தார். தெருவில் நீலக் காரின் ஹாரன் கேட்டது. அது கரகரக்கவும் இல்லை.

"அவன் வண்டியப் பாத்து நான் குறைக்கவா?" என்றார். "இழைப்புளிய எடுத்துட்டுப் போலே."